கேரட்டுக்கு வலையா, மருந்தா, இடைவெளியா?

தென்னாப்பிரிக்காவில் துர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கம் கேரட் போடுகிறவர்களிடம் பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மருந்தின் பெயர்தான் பதிலாக வரும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பூச்சி செடியின் சாற்றைக் குடித்துக் கெடுக்கிறதா, நோயைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறதா? சாற்றைக் குடிப்பது மட்டும்தான் என்றால் பூச்சியை எண்ணிப் பார்த்து, கூடிப்போனால் மருந்தடிக்கலாம். நோய் என்று வந்துவிட்டால் எத்தனை பூச்சி என்ற எண்ணிக்கை அவ்வளவு உதவாது. ஒரு பூச்சிக்கு அந்த நோயை எடுக்கவும் இறக்கவும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். தெளிப்பு, விதைநேர்த்தி, வலை, பயிர் இடைவெளி ஆகிய நான்கையும் இந்த நேரக் கணக்கில் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

கௌடெங் மாகாணத்து டார்ல்டன் பக்கத்துப் பெரும்பண்ணைகளுக்கு இது தேவைப்படாது. அவர்களுக்கு ஆலோசகர் உண்டு. ஒரு ஹெக்டேருக்குள் நிலம் வைத்து, இலையோடு கட்டு கட்டி, வார்விக் அதிகாலைச் சந்தைக்கோ கிளேர்வுட் மொத்தச் சந்தைக்கோ பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிப் போகும் குடும்பங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இலையோடு விற்கிறோம் என்பது இந்த முடிவில் பெரிய விஷயம். இலையை வெட்டிவிட்டுப் பையில் அடைத்து விற்பவருக்கு, இலை கொஞ்சம் சிவந்தாலும் கிழங்கு தேறினால் போதும். கட்டு விற்பவருக்கு இலை சிவந்த அன்றே விலை இறங்கிவிடும்.

பிடுங்கிப் பார்க்காமல் பணம் போடாதீர்கள்

இலை மஞ்சளாகிறது, சிவக்கிறது, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் பூச்சியின் மேல் பழி போடுவது வழக்கம். கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம்.

மணற்பாங்கான நிலத்தில் கிழங்கு இரண்டாக மூன்றாகக் கிளைத்து, பக்கவேர்களில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. மண்ணுக்குள் இருக்கும் அந்தப் புழு, இலையில் சாறு குடிக்கும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு அடிக்கிற மருந்துக்கு மசியாது. மழைக்காலத்தில் முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தால் அது ஆல்டர்னேரியா பூஞ்சை. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் மட்டும் செடிகள் கும்பலாகச் சிவந்திருந்தால் வடிகால் வெட்டுங்கள், வேறு செலவு வேண்டாம்.

பூச்சி கொண்டுவரும் நோய்க்கு வேறு அடையாளம். வெளி இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறி, இளம் இலையில் மஞ்சள் திட்டுகள் தெரிந்து, செடி வளராமல் நின்றால் வைரஸைச் சந்தேகப்படலாம். நடுக்குருத்து வெளுத்து, அங்கிருந்து மெல்லிய தண்டுகள் துடைப்பம்போல் ஏராளமாகக் கிளம்பி, கிழங்கின் உடம்பு முழுக்க நரைத்த தாடிபோல் வேர்மயிர் முளைத்திருந்தால் அது பைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர். அந்தக் கிழங்கைக் கடித்தால் கசக்கும். கட்டு என்றாலும் பை என்றாலும் அது விற்காது.

வயலை ஒரு சுற்று நடந்து பார்ப்பதும் உதவும். நூற்புழுவும் தண்ணீரும் குறிப்பிட்ட இடங்களில் வட்டவட்டமாகக் காட்டும். வைரஸ் பெரும்பாலும் பழைய கேரட் பாத்தியை ஒட்டிய ஓரத்தில் தொடங்கும், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால், செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்து, ஈரத்தாளில் சுற்றி, ஹில்டன் பக்கம் செடாராவில் இருக்கும் மாகாண வேளாண்மைத் துறையிடம் காட்டுங்கள். தவறான மருந்து ஒரு போத்தல் வாங்குவதைவிட அந்தப் பயணத்தின் பெட்ரோல் செலவு குறைவு.

மூன்று வேகங்கள்

முதல் வகை மெதுவான வைரஸ். கேரட்டின் மோட்லி குட்டை நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1948-இல் இது புது நோயாக விவரிக்கப்பட்டது. உள்ளே இரண்டு வைரஸ்கள் கூட்டாக இருக்கின்றன. ஒன்று சிவப்பிலை வைரஸ், மற்றொன்று திட்டு வைரஸ். திட்டு வைரஸுக்குச் சொந்தமாகப் புரத உறை கிடையாது. சிவப்பிலை வைரஸின் உறையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் அது அசுவினியில் ஏறிப் பயணம் போகிறது. சுமக்கும் அசுவினி கேவரியெல்லா ஈகோபோடி. குளிர் நாடுகளில் வில்லோ மரத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர் குறைந்த இடங்களில் வருஷம் முழுக்கக் கேரட் குடும்பத்துச் செடிகளிலேயே காலத்தை ஓட்டிவிடும். இந்த வைரஸை எடுக்க அசுவினி நிதானமாக உட்கார்ந்து சாறு குடிக்க வேண்டும். வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றி எச்சிலுக்கு வந்து சேர மணிக்கணக்காகும். அதற்கப்புறம் பல நாள், தோலுரித்த பின்னும்கூட, அது நோயைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, வேகமான வைரஸ். மேற்கு ஆஸ்திரேலியாவின் கேரட் வயல்களைப் பாடாய்ப் படுத்திய கேரட் வைரஸ் ஒய் இந்த வகை. அசுவினி ஊசிவாயை இலையில் குத்தி ருசி பார்க்கும் சில விநாடிகள் போதும், எடுக்கவும் இறக்கவும். நாலைந்து குத்தில் வாயில் ஒட்டியிருந்த வைரஸ் தீர்ந்துவிடும், ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருக்கும். இதற்குக் கேரட்டில் குடியிருக்கும் அசுவினிதான் வேண்டும் என்றும் இல்லை. முட்டைக்கோஸிலோ மிளகாயிலோ பிறந்து, வேறு எங்கோ போகிற வழியில் இறங்கிப் பார்த்த பச்சை அசுவினியும் பரப்பிவிடும். "பூச்சியே கண்ணில் படவில்லையே தம்பி, அப்புறம் எங்கிருந்து நோய்?" என்று பக்கத்து நிலத்துப் பெரியவர் கேட்டால் நான் சொல்லும் பதில்: "வந்தது குடியிருக்க வரவில்லை மாமா, ருசி பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது."

மூன்றாவது பைட்டோபிளாஸ்மா. மூன்றிலும் இதுதான் மிக மெதுவானது. தத்துப்பூச்சி நோயுள்ள செடியில் குடித்த பிறகு, அது உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு சாகும்வரை பரப்பும். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்டர் மஞ்சள் வகைப் பைட்டோபிளாஸ்மா 2006-இல் மேற்குக் கேப்பின் ஃப்ரெடெண்டால் பகுதியில் திராட்சையில் கண்டறியப்பட்டது. அங்கே அதைச் சுமக்கும் தத்துப்பூச்சி எம்ஜெனியா ஃபுஸ்கோவேரியா. அது திராட்சைக் கதைதான், ஆனாலும் இதே வகை மற்ற நாடுகளில் கேரட்டையும் தாக்குகிறது. வேர்மயிர் முளைத்த கிழங்கு கையில் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

ஐரோப்பாவில் சில்லிட் பூச்சி பரப்பும் லிபெரிபாக்டர் என்ற பாக்டீரியாவும் உண்டு, கேரட்டில் முதலில் 2010-இல் ஃபின்லாந்திலிருந்து அறிவிக்கப்பட்டது. துர்பன் கரையோரத்துக் கட்டு வியாபாரிக்கு இன்று அதனால் முடிவு எதுவும் மாறாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத விதையை வாங்காதீர்கள், அது போதும்.

தெளிப்பு

எல்லோருக்கும் பிடித்த வழி இது. கையில் பம்ப் இருக்கிறது, அடித்துவிட்டு வந்தால் மனசுக்கு நிம்மதி. நேரக் கணக்கில் வைத்தால் இதன் பலம் பாதியில் நின்றுவிடுகிறது.

வேகமான வைரஸுக்குத் தெளிப்பு பயனில்லை. மருந்து பட்டு அசுவினி சாக எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பத்துச் செடியைக் குத்தி முடித்திருக்கும். பைரெத்ராய்டு வகை மருந்து பட்ட அசுவினி கிறங்கிப்போய் இன்னும் அலையும் என்பதால், சில நேரம் நிலைமை மோசமாகவும் ஆகலாம். மெதுவான வைரஸில், வெளியிலிருந்து நோயோடு பறந்து வரும் அசுவினியைத் தெளிப்பு தடுக்காது. அது வயலுக்குள் குட்டிபோட்டு, அந்தக் குட்டிகள் செடிக்குச் செடி கொண்டுபோவதைத்தான் தடுக்கும். அது சின்ன உதவி இல்லை, ஆனால் விதைத்த முதல் ஆறு எட்டு வாரத்தில் செய்தால்தான் உதவி. வளர்ந்த செடிக்கு வைரஸ் வந்தாலும் கிழங்கு பெரும்பாலும் தேறிவிடும். நாம் வழக்கமாகப் பம்பை எடுப்பதோ, இலை அடர்ந்து அசுவினி கண்ணுக்குத் தெரிந்த பிறகு.

தத்துப்பூச்சிக்குத் தெளிப்பு ஓரளவு நியாயமானது, ஏனென்றால் அதன் நோய் மெதுவானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வீச்சுவலையை நூறு தடவை வீசி எத்தனை தத்துப்பூச்சி கிடைக்கிறது என்று பார்த்து, அதில் எத்தனை சதவீதம் நோய் சுமக்கிறது என்பதோடு பெருக்குவார்கள். நோய்க்கு எளிதில் ஆளாகும் கேரட் ரகத்துக்கு அந்த எண் 50-ஐத் தாண்டினால் மருந்து, தாங்கும் ரகத்துக்கு 100 வரை பொறுக்கலாம். நூறு வீச்சுக்கு நூறு பூச்சி கிடைத்து ஒரு சதவீதம்தான் நோயாளி என்றால் எண் 100. இருபது பூச்சிதான், ஆனால் பத்து சதவீதம் நோயாளி என்றால் எண் 200. குறைந்த பூச்சியில் கூடுதல் ஆபத்து! நம்மிடம் அந்தச் சோதனை வசதி இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மருந்து வாங்கினால் லேபிளில் கேரட் என்று எழுதியிருக்கிறதா, 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா, அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். கட்டு வியாபாரத்தில் வாரம் இருமுறை பிடுங்குகிறோம். காத்திருப்பு நாள் நீளமான மருந்து நமக்குச் சரிப்படாது. பச்சை அசுவினி பல மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சி. லேபிளில் ஒரே குழு எண் (மருந்து வேலை செய்யும் விதத்தைக் காட்டும் எண்) உள்ள மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கடைசியில் சாவது பொறிவண்டுதான். தெருவோரத்தில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் சரக்கு பக்கம் போகவே வேண்டாம். எலி மருந்து என்று அப்படி விற்கப்பட்ட டெர்புஃபாஸ் குழந்தைகளின் உயிரைப் பறித்த பிறகு, 2025-இல் அமைச்சரவை அதைத் தடை செய்ய முடிவெடுத்தது.

விதைநேர்த்தி

ஊடுருவிப் பாயும் மருந்து பூசிய விதையின் பெரிய நன்மை, ஆபத்தான முதல் வாரங்களில் செடிக்குள்ளேயே காவல் இருப்பது. மழை கழுவிக்கொண்டு போகாது, பம்ப் தூக்க வேண்டாம், பொறிவண்டின் மேல் நேராகப் படாது. மெதுவான வைரஸுக்குத் தெளிப்பைவிட இதையே நான் முன்னால் வைப்பேன். வேகமான வைரஸுக்கு இதுவும் தோல்விதான், அசுவினி குத்திப் பார்த்த பிறகுதானே மருந்து அதன் வாய்க்குப் போகிறது.

சிக்கல் கிடைப்பதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாக்ளோபிரிட், தயாமெத்தாக்ஸாம், க்ளோதியானிடின் மூன்றையும் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. வெளியிலிருந்து வரும் விதை இந்தப் பருவத்தில் எப்படிப் பூசி வருகிறது என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குரோடா, கேப் மார்க்கெட் போன்ற திறந்த மகரந்த ரகங்களை டின்னில் மலிவாக வாங்கித் தூவுகிறவருக்கு இந்த வழி பெரும்பாலும் எட்டாது. வீட்டில் நாமே மருந்தைப் பிசைந்து பூசுவது வேண்டாத வேலை. கைக்கும் கேடு, முளைப்புக்கும் கேடு.

வலை

நேரக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குவது வலை ஒன்றுதான். பூச்சி செடியைத் தொடவே முடியாவிட்டால் வேகமும் மெதுவும் ஒன்றே. ஆனால் கண்ணளவு சரியாக இருக்க வேண்டும். குளிர் நாடுகளில் கேரட் ஈக்காக விற்கும் வலையின் கண் 1.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அசுவினி அதற்குள் நுழைந்துவிடும். 0.8 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ கேளுங்கள். விதைத்த அன்றே போட்டு, ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். முளைத்து ஒரு மாதம் கழித்துப் போட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட அசுவினிக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்து, பொறிவண்டை வெளியே நிறுத்தியது போலாகும்.

காசு போக இன்னும் இரண்டு தொல்லைகள். கேரட் மெதுவாக வளரும் பயிர், களை அதை எளிதில் அமுக்கிவிடும். களை பிடுங்க வலையை ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கதவு திறக்கிறது. காலையில் காற்றில்லாத நேரத்தில், ஒரு பாத்தி முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பது நல்லது. இரண்டாவது நம் கரையோரப் புழுக்கம். மாசி மாதத்து ஈரக் காற்றில் நெருக்கமான வலைக்குள் இலை காயாது, ஆல்டர்னேரியா பிடித்துக்கொள்ளும். இங்கே குளிர்காலமான வைகாசி, ஆனி விதைப்பில் இந்தப் பயம் குறைவு. அதனால் வலையை வருஷம் முழுக்க நம்பாமல், குளிர்கால விதைப்பின் முதல் ஆறு வாரத்துக்கு மட்டும், சில பாத்திகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் கட்டுப்படியாகும்.

இடைவெளி

காசு செலவில்லாதது, அதனாலேயே யாரும் மதிக்காதது. வைரஸுக்கு உயிருள்ள செடி வேண்டும். பழைய கேரட் இல்லை என்றால் அசுவினி எங்கே போய் நோயை எடுக்கும்? மேற்கு ஆஸ்திரேலியாவில் கேரட் வைரஸ் ஒய்யை மருந்தால் அடக்க முடியாது என்று கண்டு, பயிர் இடைவெளி விடுவதையும் பழைய வயலுக்குத் தள்ளி விதைப்பதையும்தான் அறிவுரையாகச் சொன்னார்கள். மோட்லி நோயும் அறுவடைக்குப் பிறகு நிலத்தில் விட்ட கிழங்கிலேயே அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கிறது.

நம் கட்டு வியாபாரம் இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. சந்தைக்கு வாராவாரம் கட்டு வேண்டும் என்பதால், மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பக்கத்துப் பக்கத்தில் விதைத்துக்கொண்டே போகிறோம். புரட்டாசி விரத மாதத்தில் காய்கறிக்கு இருக்கும் கிராக்கி தெரிந்ததுதான். அதற்குக் கட்டு வேண்டுமானால் ஜூன் வாக்கில் விதைக்க வேண்டும், அப்போது பங்குனியில் போட்ட பாத்தி பக்கத்திலேயே முதிர்ந்து நிற்கும். முதிர்ந்த பாத்தியிலிருந்து முளைத்த பாத்திக்கு அசுவினி ஒரு தாவலில் போய்விடும்.

என் கணக்கில் இதற்கு வழி, புரட்டாசி அறுவடை முடிந்ததும் கடையை மூடுவது. நவம்பர் முதல் ஜனவரி வரை கரையோரத்தில் வெயிலும் மழையும் பூஞ்சையும் சேர்ந்து கேரட்டை எப்படியும் பாழாக்கும் காலம். அந்தப் பருவத்தை வெண்டைக்கும் பீன்ஸுக்கும் விட்டுக்கொடுத்தால் நட்டம் சொற்பம். ஆனால் இடைவெளி என்றால் ஒரு செடிகூட இல்லாத இடைவெளி. பூத்து நிற்கும் ரெண்டு கேரட், விலை போகாமல் விட்ட ஒரு வரிசை, எல்லாம் உழுது புதைக்கப்பட வேண்டும்.

இங்கேதான் கொத்தமல்லி வருகிறது. நம்மில் யார் நிலத்தில் தானியா பாத்தி இல்லை? கொத்தமல்லியும் பார்ஸ்லியும் செலரியும் கேரட்டின் குடும்பம்தான். அதே அசுவினி அவற்றிலும் வாழும். மோட்லி நோய் கொத்தமல்லியிலும் பார்ஸ்லியிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. கேரட்டுக்கு மூன்று மாதம் விடுமுறை விட்டு, பக்கத்தில் கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் விடுமுறை வீண். கொத்தமல்லியை நிறுத்தச் சொல்லவில்லை, அது தினப்படி காசு. ஆனால் பூக்கும் முன் பிடுங்கி முடிக்கவும், கேரட்டிலிருந்து நிலத்தின் மறு கோடிக்கு மாற்றவும் முடியும்.

எந்தப் பக்கம் தள்ளி விதைப்பது? புதுப் பாத்தி காற்று வரும் திசையில் இருக்கட்டும் என்று புத்தகங்கள் சொல்லும். துர்பன் கரையில் காற்று ஒரு நாள் வடகிழக்கு, மறுநாள் தென்மேற்கு. கடற்கரைக்கு இணையாக இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஆகவே பழைய பாத்திக்கு முன்னும் பின்னும் விதைக்காமல், பக்கவாட்டில், அதாவது கடல் பக்கமோ உள்நாட்டுப் பக்கமோ தள்ளி விதைப்பது மேல். நடுவில் கரும்பு நின்றால் இன்னும் நல்லது. வேகமான வைரஸைச் சுமந்து வரும் அசுவினி கரும்பில் நாலு குத்து குத்திப் பார்த்தால் வாய் சுத்தமாகிவிடும். மெதுவான வைரஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சில்லறை வழிகள்

வெங்காயத்தை ஊடுபயிராகப் போடச் சொல்வது குளிர் நாட்டுக் கேரட் ஈக்கான வைத்தியம். நம் அசுவினிக்கு அதை நம்ப வேண்டாம். வைக்கோல் மூடாக்கு இளம் பாத்தியில் அசுவினி இறங்குவதைக் குறைக்கும், ஈரமும் காக்கும், போடலாம். வேப்பெண்ணெய் குட்டி அசுவினிகளைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் வேம்பு என்று நினைத்து சிரிங்கா மரத்துக் காயை இடித்து ஊறவைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அது மலைவேம்பு வகை, வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் அதில் இல்லை, காய் மனிதருக்கும் விலங்குக்கும் நஞ்சு. இலையோடு விற்கும் பயிரில் அதைத் தெளிப்பதை நான் ஏற்கமாட்டேன். பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் அசுவினிக் கூட்டத்தைத் தின்று குறைக்கும், ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகுதான் வரும். விநாடியில் இறங்கும் வைரஸுக்கு முன்னால் அவை என்ன செய்யும்?

யாருக்கு எது

கால் ஹெக்டேருக்குள் கட்டு மட்டும் விற்பவர், நவம்பர் முதல் ஜனவரி வரை கேரட் இல்லாத இடைவெளி விட்டு, ஜூன் விதைப்புக்கு மட்டும் வலை வாங்கலாம். அந்தப் புரட்டாசிக் கட்டின் விலைதான் வலைக் காசைத் திருப்பித் தரும்.

ஒரு ஹெக்டேர் அளவில், பையும் கட்டும் கலந்து விற்பவருக்கு வலை கட்டுப்படியாகாது. இடைவெளியும் பக்கவாட்டு விதைப்பும் அடித்தளம், அதன் மேல் கிடைத்தால் பூசிய விதை. முதல் எட்டு வாரத்தில் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து, இறக்கையில்லாத குட்டி அசுவினிகள் கூட்டமாகத் தெரிந்தால் மட்டும், பொறிவண்டை விட்டுவைக்கும் வகை மருந்தாகப் பார்த்து ஒரு தெளிப்பு.

பக்கத்து நிலம் வேறொருவருடையது, அவர் வருஷம் முழுக்கக் கேரட் போடுகிறார் என்றால் உங்கள் இடைவெளி பெரும்பாலும் வீண். அப்படிப்பட்டவர் வலைக்குப் போவதற்கு முன், வேலியோரம் நின்று பேசிப் பார்க்கலாம். நவம்பரில் இருவரும் சேர்ந்து உழுதால் இருவருக்கும் மருந்துச் செலவு குறையும். பேச்சு எடுபடவில்லை என்றால் அந்த வேலியை ஒட்டி மக்காச்சோளமோ கரும்போ வைத்து, கேரட்டை மறுபக்கம் தள்ளுங்கள்.

நூற்புழு முடிச்சு பார்த்தவருக்கு மேலே சொன்ன நான்கும் பொருந்தாது. அவர் அந்தப் பாத்தியில் அடுத்து என்ன பயிரை மாற்றிப் போடுவது என்று செடாராவில் கேட்டுவிட்டுத்தான் விதை வாங்க வேண்டும்.